அயர்னை எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது?

கேள்வி: கோல்ஃபில் என் ஹேண்டிகேப் (திறமையைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) 6. சில வருடங்களாக ஒரே கேவிட்டி பேக் அயர்ன் செட்டில், அதாவது பின்புறம் குடைந்த உலோகத் தலை மட்டைகளில், ஆடுகிறேன். பின்புறம் குடையாத மெல்லிய அயர்னான பிளேடுக்கு மாற ஆசை. கடையில் ஒரு செட் பார்த்தேன். பளபளப்பு, மெல்லிய டாப்லைன் (தலையின் மேல்விளிம்பு), பின்புறம் செதுக்கிய அழகு. கையில் எடுத்ததும் கீழே வைக்க மனசில்லை. இன்னொருவர் ‘டூர் வீரர்களுக்காக (தொழில்முறைப் போட்டி ஆடுபவர்களுக்காக) மட்டும் செய்தது’ என்று ஒரு செட்டை இணையத்தில் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். கூட ஆடும் நண்பரோ, தோற்றம் பார்த்து வாங்குவது வெறும் பகட்டு என்கிறார். தோற்றத்தை மதிப்பிட முறை ஏதும் உண்டா?

பதில்: உங்கள் நண்பர் பந்தின் முன் நிற்கும்போது எதைப் பார்த்துக் குறி வைக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். கீழே வைத்த அயர்னின் முன்விளிம்பையும் டாப்லைனையும் பார்த்துத்தான் அவரும் நிற்கிறார். அந்த வடிவம் கண்ணுக்குக் கோணலாகப் பட்டால் கை தானாக அயர்னின் முகத்தை, அதாவது பந்தில் படும் பரப்பை, திருப்பும், தோள் அதற்கு ஏற்றபடி நகரும், ஸ்விங் தொடங்கும் முன்பே பாதித் தவறு நடந்து முடிந்திருக்கும். ஆகவே தோற்றம் முக்கியம்தான். ஆனால் நீங்கள் மயங்கியது பின்புறத்தைப் பார்த்து. ஆடும்போது அந்தப் பக்கம் உங்கள் கண்ணில் படவே படாது.

விளம்பரப் படங்கள் எல்லாவற்றிலும் பின்புறம்தான் இருக்கும். கடைச் சுவரிலும் பின்புறம் வெளியே தெரியத்தான் மாட்டுவார்கள். பெயர், கோடு, செதுக்கல், வண்ணம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன, விற்பதற்கு வசதி. பல்லைப் பிடித்துப் பார்க்காமல் கொம்புக்குப் பூசிய வர்ணத்தைப் பார்த்து மாடு வாங்குகிற கதை. பின்புறத்தின் எடை எங்கே இருக்கிறது என்பது பந்தின் போக்கை மாற்றும், அதை மறுக்கவில்லை. ஆனால் அது அடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

சரி, எப்படிப் பார்ப்பது? முதலில், கடையில் நீட்டுகிற 7 அயர்னை (எண் கூடக் கூட அயர்ன் குட்டையாகும், முகம் அதிகம் சாயும்) வைத்து முடிவு செய்யாதீர்கள். சோதித்துப் பார்க்க 7 அயர்னை மட்டும் வைத்திருப்பது இந்தத் தொழிலின் கெட்ட பழக்கம். செட்டிலேயே லட்சணமாக இருப்பது அதுதான். எந்த வடிவமைப்பும் 7 அயர்னில் தப்பித்துவிடும். 4 அயர்னையும், செட்டின் குட்டைக் கோடியிலுள்ள பிட்சிங் வெட்ஜையும் கேளுங்கள். நீள அயர்ன்களில் ஆஃப்செட் (முன்விளிம்பு தண்டைவிடப் பின்தள்ளி இருக்கும் அளவு) கூடும், சில செட்களில் சோல் என்ற அடிப்பரப்பு அகலும், டாப்லைனும் தடிக்கும். 7-இல் மெல்லிதாகத் தெரிந்தது 4-இல் வேறு குடும்பத்துப் பிள்ளை மாதிரி நிற்கும். மூன்றையும் வரிசையாகத் தரையில் வைத்துப் பார்த்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றம் சீராக இருக்கிறதா, நடுவில் எங்காவது குதிக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது, புல்லில் வையுங்கள். விரிப்பின் மேல் சோல் ஒரு விதமாக உட்காரும், புல்லில் வேறு விதமாக. சோலின் வளைவும் பவுன்ஸும் (சோல் முன்விளிம்புக்குக் கீழே இறங்கும் கோணம்) கெட்டியான பரப்பில் முன்விளிம்பைத் தூக்கிக் காட்டும், சில சமயம் முகத்தையும் கொஞ்சம் திருப்பிவிடும். கடைக்குள் மூடியதாகத் தெரிந்த முகம் வெளியே நேராகத் தெரிவது சகஜம். குரோம் பூச்சின் கண்கூச்சமும் அப்படித்தான், கூரைக்குக் கீழே தெரியாது. உச்சி வெயிலில் உங்களுக்குப் பிடித்த அந்தப் பளபளப்பு கண்ணைக் குத்தினால், அதே அயர்ன் மங்கல் பூச்சில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். கறுப்புப் பூச்சு தலையைச் சிறிதாகக் காட்டும், ஆனால் சோலிலும் முகத்திலும் சீக்கிரம் தேயும். பூச்சே இல்லாதது துருப்பிடிக்கும். துருவால் ஸ்பின் கூடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

குறியைச் சோதிக்க ஒரு வழி. ஒரு இலக்கைத் தேர்ந்தெடுத்து அயர்னை வையுங்கள். கையைத் திருகிச் சரிசெய்யாதீர்கள். பின்னால் நிற்கும் நண்பர் முன்விளிம்பு எங்கே பார்க்கிறது என்று சொல்லட்டும். விலகிப் போய்விட்டு மறுபடி வந்து வையுங்கள். நாலைந்து முறை செய்தால் ஒரு போக்கு தெரியும். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் தவறினால் அந்த வடிவம் உங்கள் கண்ணுக்கு ஒத்துவரவில்லை; எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். நன்றாக ஆடுபவர்கள்கூட முன்விளிம்பை விட்டுவிட்டு டாப்லைனை இலக்குக்குச் செங்குத்தாக வைக்கிறார்கள். லாஃப்ட் (முகத்தின் பின்சாய்வு) இருப்பதால் டாப்லைன் மேலிருந்து பார்க்கும்போது கொஞ்சம் திறந்த மாதிரி ஓடும். அதை நேராக்கினால் முகம் மூடிவிடும். பந்து இடது பக்கம் போகும், பழி அயர்ன் மேல் விழும்.

டாப்லைனின் மெலிவில் ஒரு சின்னத் தந்திரம் இருக்கிறது. பின்பக்க ஓரத்தைச் சரிவாகச் சீவிவிட்டால் நிற்கும் இடத்திலிருந்து மெலிதாகத் தெரியும், உண்மைத் தடிமன் வேறு. இது ஏமாற்று இல்லை, நல்ல வடிவமைப்புதான். ஆனால் ‘டாப்லைன் மெலிது, ஆகவே இது பிளேடு’ என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளே வெற்றிடம் வைத்து, மெல்லிய முகம் பொருத்தி, வெளியே பிளேடு மாதிரி காட்டும் அயர்ன்கள் இப்போது நிறைய. அப்படி ஒன்றான டெய்லர்மேடின் பி790 2017-இல் வந்தபோது அதன் 7 அயர்னின் லாஃப்ட் சுமார் 30 டிகிரி. அதே கம்பெனியின் பிளேடில் 35-ஐ ஒட்டி இருந்தது. பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒரு சாடை, அடியில் ஒரே எண், நடுவே ஒரு முழு அயர்னின் வித்தியாசம்.

இங்கேதான் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ-யும் யூஎஸ்ஜிஏ-யும் முகத்திலுள்ள பள்ளங்களின் அகலத்தை 0.035 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று அளந்து பார்க்கின்றன. சோலில் 7 என்று பொறித்தால் அது எத்தனை டிகிரியாக இருக்க வேண்டும் என்பதற்கு மட்டும் எந்த விதியும் இல்லை. எதில் வேண்டுமானாலும் எந்த எண்ணையும் பொறிக்கலாம். கடைக்காரர் உங்கள் பழைய 7 அயர்னையும் புதிய 7 அயர்னையும் திரைமுன் அடிக்கச் சொல்வார், புதியது ஒரு அயர்ன் தூரம் கூடுதலாகப் போகும், நீங்கள் அட்டையை நீட்டுவீர்கள். வாங்கியது 6 அயர்ன் என்று அவர் சொல்ல மாட்டார். அப்புறம் பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரியில் வந்து நிற்கும், அதற்குக் கீழே காலியாகிப் போன தூரத்தை நிரப்ப இன்னொரு வெட்ஜை அதே கடையில் வாங்குவீர்கள். பையில் 14 கிளப்தான் அனுமதி என்பது அப்போதுதான் ஞாபகம் வரும். லாஃப்ட் பட்டியலைக் கேளுங்கள். உங்கள் பழைய செட்டின் பட்டியலோடு டிகிரிக்கு டிகிரி ஒப்பிடுங்கள், எண்ணுக்கு எண் ஒப்பிடாதீர்கள்.

‘ஃபோர்ஜ்டு’ (அடித்துச் செய்தது) என்ற சொல்லையும் அப்படியே விழுங்க வேண்டாம். முகம் மட்டும் அடித்துச் செய்து மற்றதை வார்த்திருந்தாலும் அந்தச் சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். அடித்துச் செய்த மென்மையான கார்பன் எஃகில் எனக்குத் தெரிந்த நிஜமான நன்மை, லாஃப்டையும் லையையும் (தண்டு தரையோடு சேரும் கோணம்) வளைத்துச் சரிசெய்வது சுலபம். 17-4 எஃகில் வார்த்தவை கடினமானவை, கொஞ்சம்தான் வளையும். கைக்கு மென்மை என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு காதுக்குக் கேட்கும் சத்தம். லை சரியா என்று பார்க்க, பந்தில் கறுப்பு மார்க்கரால் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, கோடு முகத்தைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். முகத்தில் பதியும் கோடு நேராக நின்றால் லை சரி, சாய்ந்தால் வளைக்க வேண்டும். நிற்கும்போது முனை லேசாகத் தூக்கியிருப்பதைப் பார்த்து ‘லை தப்பு’ என்று பயப்படாதீர்கள். அடிக்கும் கணத்தில் ஷாஃப்ட் (தண்டு) கீழ்நோக்கி வளைவதால் அது இறங்கிவிடும்.

ஆஃப்செட் பற்றி. திறமையான ஆட்டக்காரருக்கு ஆஃப்செட் குறைவாக இருக்க வேண்டும் என்பது பொதுவான பேச்சு, பெரும்பாலும் சரியும்கூட. பிளேடின் நடு அயர்ன்களில் அது 2 முதல் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும். தவறிய அடியை மன்னிக்கும் வகை அயர்ன்கள் பலவற்றில் 4-ஐத் தாண்டும். ஆனால் உங்கள் விஷயத்தில் இதற்கு ஒரு விலக்கு இருக்கலாம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பல வருடம் ஆஃப்செட் உள்ள அயர்னைப் பார்த்துப் பழகிய கண் அதைத்தான் ‘நேர்’ என்று எடுத்துக்கொள்ளும். அந்தக் கண்ணுக்கு பிளேடின் முன்விளிம்பு ஹோசலை (தண்டு நுழையும் கழுத்தை) தாண்டி முன்னால் துருத்திக்கொண்டு நிற்பதாகத் தெரியும். முகம் பந்தை ஒரு நூலிழை முன்னதாகவே சந்திப்பதால், மூட நேரம் போதாமல் வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து வலது பக்கம் கிளம்பும். உடனே அவர் கையைத் திருகி மூடப் பழகிக்கொள்வார். மூன்று மாதத்தில் கண் பிளேடுக்குப் பழகிவிடும், கை திருகலை மட்டும் விடாது. இப்போது பந்து இடது பக்கம் பறக்கும். ஆகவே ஏற்கெனவே வலது பக்கம் தவறுகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், ஆஃப்செட் குறைந்த பிளேடைத் தேடி ஓடாதீர்கள். நடுத்தரமாக ஒன்றைப் பாருங்கள். ஆஃப்செட் இருப்பதாலேயே அயர்ன் கற்றுக்குட்டிகளுக்கானது ஆகிவிடாது. பிங் ஐ2 1982-இல் வந்தபோது அதன் ஆஃப்செட்டும் கிண்ணம் மாதிரி குடைந்த பின்புறமும் பிளேடுக்குப் பழகிய கண்ணுக்கு விகாரமாகத்தான் இருந்திருக்கும். அதை வைத்து எத்தனையோ நல்ல தொழில்முறை வீரர்கள் ஆடினார்கள். அதை வடிவமைத்த கார்ஸ்டன் சோல்ஹைம் ஒரு எஞ்சினியர். எடையை ஓரங்களுக்குத் தள்ளினால் மையம் தவறிய அடியில் தலை குறைவாகத் திருகும் என்பதுதான் அவர் கணக்கு, அழகெல்லாம் இரண்டாம்பட்சம். அதே சமயம், வலது பக்கம் தவறாத, பந்தைக் கொஞ்சம் இடதுபக்கம் இழுக்கிற ஆளாக நீங்கள் இருந்தால் இந்தப் பத்தி முழுவதையும் மறந்துவிட்டு பிளேடையே பாருங்கள்.

சரி, அந்தப் ‘பாதி விலை டூர் செட்’. வேண்டாம். டூர் வீரருக்காகத் தனியாகச் செய்த தலை என்பது நிஜமாகவே இருக்கிறது. அது பெரும்பாலும் அவருடைய சோல் தீட்டல், அவருடைய லை, அவர் கேட்ட எடை. உங்களுக்கு எதற்கு? நிஜமானதாக இருந்தால் கூடுதல் விலைக்குப் போகும், பாதி விலைக்கு வராது. போலி கோல்ஃப் கிளப்கள் ஒரு பெரிய வியாபாரம். அதை எதிர்க்கப் பெரிய கம்பெனிகளே 2004-இல் ஒன்றுசேர்ந்து ஒரு குழு அமைக்க வேண்டி வந்தது. கார்பன் எஃகு என்று சொன்னால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அங்கேயே பேச்சை முடித்துவிடலாம். ஒட்டினால் அசல் என்று அர்த்தமில்லை, அடுத்த கேள்விக்குப் போகலாம், அவ்வளவுதான்: வரிசை எண், பொறித்த எழுத்துகளின் கூர்மை, ஒவ்வொரு தலையின் எடை. விற்பவர் படம் மட்டும் அனுப்பிக்கொண்டே இருந்தால், அதிலும் பின்புறப் படமாகவே அனுப்பினால், பதில் போடாதீர்கள். இன்னொன்று, செட் பழையதாக இருந்தால் வருடம் கேளுங்கள். பள்ளங்களுக்கான இறுக்கமான விதி 2010 முதல் தொழில்முறைப் போட்டிகளிலும், 2014 முதல் உயர்மட்ட அமெச்சூர் போட்டிகளிலும் வந்துவிட்டது. பெரிய போட்டி ஆடும் எண்ணம் இருந்தால் அதற்கு முந்தைய அயர்ன் சிக்கல் தரும்.

கடைசியாக உங்கள் ஆசைக்கு வருவோம். ஹேண்டிகேப் 6-க்கு பிளேடு தகும். முழு செட்டும் பிளேடாக இருக்க வேண்டுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். டூர் வீரர்களில் பலரே நீள அயர்ன்களில் கேவிட்டி பேக்கும் குட்டை அயர்ன்களில் பிளேடும் வைத்திருக்கிறார்கள். மையம் தவறினால் அதிகம் இழப்பது நீள பிளேடில்தான். பிட்சிங் வெட்ஜில் அந்த இழப்பு சின்னது. 4, 5, 6 ஒரு வகை, 7 முதல் வெட்ஜ் வரை பிளேடு என்று ஒரே கம்பெனியின் சேர்ந்து வரும் ஜோடியாகப் பாருங்கள். சேருமிடத்தில் இரண்டை மட்டும் கவனியுங்கள். 6-க்கும் 7-க்கும் நடுவே லாஃப்ட் வித்தியாசம் 3, 4 டிகிரிக்குள் இருக்கட்டும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் டாப்லைனும் ஆஃப்செட்டும் கண்ணை உறுத்தக் கூடாது.

கடைக்காரரிடம் மூன்று அயர்ன், லாஃப்ட் பட்டியல், வெளியே புல்லில் அரை மணி நேரம், இவ்வளவுதான் கேளுங்கள். ‘7 அயர்ன் மட்டும்தான் சாம்பிள் இருக்கிறது, மற்றதெல்லாம் அதே மாதிரிதான்’ என்று சொன்னால், 4 அயர்னை வரவழைக்கச் சொல்லி ஒரு வாரம் காத்திருங்கள். வரவழைக்க மாட்டேன் என்றால் வேறு கடை பாருங்கள்.