தூங்குகிற பிள்ளையைப் பாலுக்கு எழுப்ப வேண்டுமா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் எங்கள் ஊர். எனக்கு 32 வாரத்திலேயே பிரசவமாகி, 1.6 கிலோ எடையில் பெண் குழந்தை பிறந்தாள். 20 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். முதல் சில நாள் ஆக்சிஜனும் வைத்தார்கள். 1.85 கிலோவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்று 24-ஆம் நாள். அழுவதே இல்லை, நான்கைந்து மணி நேரம் ஒரே தூக்கம். எழுப்பப் போனால் அம்மா, "தூங்குற பிள்ளைய எழுப்பாத, பசிச்சா அதுவே அழும்" என்கிறார். நேற்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை 1.86. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டலாமா? வசம்பு உரைத்துக் கொடுக்கலாமா? டிஸ்சார்ஜ் சீட்டில் 27-ஆம் நாள் கண் பரிசோதனைக்கு வரச்சொல்லி எழுதியிருக்கிறது. கண் நன்றாகத்தான் இருக்கிறது. 28-ஆம் நாள் அரைஞாண் கட்டு முடிந்து, அடுத்த வாரம் போனால் போதாதா? கணவர் ஒரு மாத விடுப்பில் வளைகுடாவிலிருந்து வந்திருக்கிறார்.

பதில்: எழுப்ப வேண்டும். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் அப்படியே. எப்படிப் போனாலும் மூன்று மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். நிறைமாதத்தில் பிறந்து எடையும் நன்றாக ஏறும் பிள்ளைக்கு உங்கள் அம்மா சொல்வது ஓரளவு பொருந்தும். உங்கள் மகளுக்குப் பொருந்தாது. வயிற்றில் இருந்த நாளையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவளுக்கு இன்று 35 வாரமும் சில நாளும்தான் ஆகிறது. பசியில் விழித்து அழ ஒரு பிள்ளைக்குத் தெம்பும் மூளை முதிர்ச்சியும் வேண்டும்; இந்த வயதில் இரண்டும் அரைகுறை. பால் குறையக் குறைய இன்னும் சோர்ந்து தூங்கும், தூங்கத் தூங்கப் பால் இன்னும் குறையும். குறைமாதப் பிள்ளையைப் பற்றி "ஒரு தொந்தரவும் இல்லை, சமத்தாகத் தூங்குகிறது" என்று யாராவது சொன்னால் நாங்கள் முதலில் கேட்பது எடையைத்தான்.

உங்கள் கணக்கைப் பாருங்கள். மூன்று நாளில் 10 கிராம் ஏறியிருக்கிறது. ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் வீதம் 60 கிராமாவது ஏறியிருக்க வேண்டும். மருத்துவமனைத் தராசுக்கும் சுகாதார நிலையத் தராசுக்கும் வித்தியாசம் இருக்கலாம். அதனால் இந்த ஒரு எண்ணை வைத்துப் பதற வேண்டாம், ஆனால் ஒதுக்கவும் வேண்டாம். இன்றே பால் நேரத்தை மாற்றுங்கள். மூன்று நாள் கழித்து அதே தராசில், துணியும் நாப்கினும் இல்லாமல் எடை பாருங்கள். 60 கிராமாவது ஏறியிருந்தால் சரியான வழியில் போகிறீர்கள். ஏறவில்லை என்றால் பிள்ளை இருந்த மருத்துவமனைக்கே கூட்டிப் போங்கள்.

அதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். துணியை விலக்கி, நாப்கின் மாற்றி, முதுகையும் உள்ளங்காலையும் தேய்த்துவிட்டால் அவள் கண் திறந்து வாயை அசைக்கிறாளா? அசைத்தால் இது வெறும் தூக்கம். எவ்வளவு தேய்த்தும் துவண்டே கிடந்தால், முன்பு குடித்த பாலில் பாதிகூடக் குடிக்கவில்லை என்றால், அது தூக்கமில்லை, கிருமித் தொற்றின் முதல் அடையாளமாக இருக்கலாம். அந்த நிலையில் நாளைக்கு என்று வைக்காமல் இன்றே கிளம்ப வேண்டும்.

எவ்வளவு பால்? இந்த நிலையில் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 160 மில்லி தேவை. 1.85 கிலோவுக்கு 300 மில்லி வரும். அதை 12 வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 25 மில்லி. எடை ஏற ஏற இந்த அளவும் ஏற வேண்டும். முதலில் மார்பில் விடுங்கள், 10 முதல் 15 நிமிடம். சப்பும் வேகம் குறைந்து அவள் கண்ணை மூடியதும் எடுத்துவிட்டு, பீய்ச்சி வைத்த பாலைப் பாலாடையில் (பால் புகட்டும் மூக்கு வைத்த சிறு கிண்ணம்) கொடுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் மார்பிலேயே வைத்திருந்தால், குடித்த பாலில் கிடைத்த சக்தி சப்புவதிலேயே செலவாகிவிடும்.

பாலாடையில் கொடுக்கும்போதுதான் புரை ஏறும் ஆபத்து, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிள்ளை விழித்திருக்க வேண்டும். மடியில் தலை உயர்ந்து, பாதி உட்கார்ந்த நிலையில் இருக்க வேண்டும். பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் மேல், வாயோரமாக வைத்துச் சில துளி விடுங்கள். விழுங்கிய பிறகு அடுத்தது. மடமடவென்று ஊற்றினாலோ, தூக்கத்திலேயே புகட்டினாலோ பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் கோர்த்துச் செய்ய அவள் இப்போதுதான் பழகுகிறாள். 25 மில்லிக்கு 15 நிமிடம் ஆனால் அதுதான் சரியான வேகம். முடிந்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யுங்கள். பாலாடையைச் சோப்பு போட்டுக் கழுவி, தண்ணீரில் மூழ்கவிட்டு 10 நிமிடம் கொதிக்க வையுங்கள். பாட்டிலும் ரப்பர் காம்பும் வேண்டாம்.

ஒரு நாளைக்கு எட்டு முறையாவது பால் பீய்ச்சினால்தான் சுரப்பு நிற்காமல் இருக்கும். இரவில் பால் சுரக்கும் ஹார்மோன் கூடுதல், ஆகவே நடுராத்திரி முறையை விட்டுவிடாதீர்கள். பீய்ச்சிய பால் நம் ஊர் வெக்கையில் வெளியே நான்கு மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம். பிரிட்ஜின் உள்தட்டில் 24 மணி நேரம் வைக்கலாம், கதவுப் பக்கம் வைக்கக் கூடாது. கிண்ணத்தை வெந்நீரில் இறக்கி வைத்துக் குளிர் போக்குங்கள்; அடுப்பில் சூடாக்க வேண்டாம். குடித்து மிஞ்சியதை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்காதீர்கள். 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது சிறுநீர் போனால் பால் போதுமான அளவு உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இத்தனை பால் கொடுத்தும் எடை ஏறாத வீடுகள் உண்டு. பெரும்பாலும் காரணம் குளிர். தோலுக்கடியில் கொழுப்பு இல்லாத பிள்ளை, உடம்புச் சூட்டைக் காக்கவே பாலையெல்லாம் எரித்துவிடும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. மழை நாளில் ஓட்டு வீட்டுக்குள் இரவில் எவ்வளவு குளிரும் என்று உங்களுக்கே தெரியும். கை வைத்துப் பாருங்கள்: வயிறும் பாதமும் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. வயிறு சூடாக, பாதம் சில்லென்று இருந்தால் குளிரத் தொடங்கிவிட்டது. இரண்டும் சில்லென்றிருந்தால் ஆபத்து. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி அக்குளில் வைத்துப் பாருங்கள், 97.7 முதல் 99.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்க வேண்டும்.

இதற்கு நல்ல மருந்து கங்காரு பராமரிப்பு. பிள்ளைக்குத் தொப்பி, காலுறை, நாப்கின் மட்டும் போட்டு, உங்கள் வெறும் மார்பில் நிமிர்ந்த நிலையில் ஒட்டி வையுங்கள். முகம் ஒரு பக்கம் திரும்பி, கழுத்து லேசாக நிமிர்ந்திருக்கட்டும். தாடை நெஞ்சில் இடித்தால் மூச்சுக்குழாய் மடங்கும். கை கால்கள் இரு பக்கமும் மடங்கி விரிந்திருக்கட்டும். மேலே ஒரு வேட்டித் துணியால் சுற்றிக் கட்டி, சட்டை போட்டுக்கொள்ளலாம். உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் உட்காருங்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரமாவது சேர வேண்டும், எவ்வளவு கூடினாலும் நல்லது. எல்லாவற்றையும் நீங்களே செய்தால் இரண்டே நாளில் படுத்துவிடுவீர்கள். கணவர் விடுப்பில்தானே இருக்கிறார். இரவு 10 மணிமுதல் 2 மணிவரை அவர் மார்பில் படுக்கட்டும், பால் வேளைக்கு மட்டும் உங்களிடம் வரட்டும். சாய்ந்த நாற்காலியில் உட்கார வேண்டும், பிள்ளை மார்பில் இருக்கும்போது அவர் அசந்து தூங்கிவிடக் கூடாது. பகலில் உங்கள் அம்மாவை உட்கார வையுங்கள். பாட்டிகளுக்குப் பிள்ளையை என்ன செய்வதென்று தெரியாமல் இல்லை; செய்ய வேலை இல்லாதபோதுதான் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடுவார்கள். 2.5 கிலோ ஆகி, பிள்ளையே நெளிந்து வெளியே வரப் பார்க்கும்வரை இதைத் தொடரலாம்.

துணித் தொட்டிலை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அதில் உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் முட்டும். கீழே படுக்க வைக்கும்போது கெட்டியான பாயில், மல்லாத்திப் போடுங்கள். தலையணை வேண்டாம்.

குளியல் 2.5 கிலோவுக்குப் பிறகு. அதுவரை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒவ்வொரு பகுதியாகத் துடைத்து, உடனே ஈரம் ஒற்றி மூடினால் போதும். தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கும் உருக்கெண்ணெயை உள்ளங்கையில் தடவி மென்மையாக நீவுவதில் தவறில்லை, கதவு சாத்திய அறையில், பால் குடித்து ஒரு மணி நேரம் கழித்து. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கை ஊதுவது, பிள்ளையின் மார்பைப் பிதுக்கிப் பால் எடுப்பது, காலை நீட்டி அதில் பிள்ளையைப் போட்டு மூக்கையும் தலையையும் உருவிவிடுவது ஆகியவற்றை ஒருவரும் செய்ய விடாதீர்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் வரும் நிமோனியா எளிதில் ஆறாது; பிதுக்கிய மார்பில் சீழ்க்கட்டி வரும். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். சில வாரம் முன்பு ஆக்சிஜன் தேவைப்பட்ட நுரையீரல் அது.

வசம்பு, உரை மருந்து, தேன், சர்க்கரைத் தண்ணீர், கீழாநெல்லிச் சாறு எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. உரைகல்லிலும் விரலிலும் இருக்கும் கிருமி போதும் வயிற்றுப்போக்கு வர. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் நஞ்சு ஒரு வயதுக்குள் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். வசம்பு வளையைக் கையில் கட்டினாலும் அதைப் பிள்ளை வாயில் வைக்கும். எடை ஏறட்டும் என்று ஏத்தங்காய் (நேந்திரங்காய்)ப் பொடி காய்ச்சிக் கொடுக்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. ஆறு மாதம்வரை அதை அடுக்களையிலேயே வைத்திருங்கள். வாயில் விட வேண்டியது மருத்துவர் எழுதியது மட்டும். அதில் வைட்டமின் டி சொட்டு மருந்து கட்டாயம் இருக்கும்: நாளைக்கு 400 யூனிட். ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ள பாட்டிலும் உண்டு, 800 உள்ளதும் உண்டு. கடையில் வேறு கம்பெனி மருந்து மாற்றிக் கொடுத்தால் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி கண். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்திய வரி இதுதான். 27-ஆம் நாளே போங்கள். அரைஞாண் கட்டைத் தள்ளிப் போடலாம், இதைத் தள்ள முடியாது.

கண்ணுக்குப் பின்னால் இருக்கும் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் நடுவிலிருந்து ஓரம்நோக்கி வளரும். அந்த வளர்ச்சி முடிய ஏறத்தாழ நிறைமாதம் ஆகும். 32 வாரத்தில் வெளியே வந்த பிள்ளைக்கு ஓரம்வரை குழாய்கள் போய்ச் சேர்ந்திருக்காது. குறைப்பிரசவமும் ஆக்சிஜன் சிகிச்சையும் அந்த வளர்ச்சியைக் குலைக்கும்போது, சில பிள்ளைகளுக்குக் குழாய்கள் தாறுமாறாக முளைத்து, விழித்திரையைப் பிடித்து இழுத்து, அதன் இடத்திலிருந்தே பிரித்துவிடும். அப்புறம் பார்வையைத் திருப்பிக் கொண்டுவருவது அரிது. இவ்வளவும் நடக்கும்போது வெளியிலிருந்து பார்த்தால் கண் தெளிவாகத்தான் இருக்கும், நீர் வடியாது, சிவக்காது. கருவிழிக்குள் வெள்ளையாகத் தெரிந்து வீட்டார் கண்டுபிடிக்கும்போது காலம் கடந்திருக்கும். அதனால்தான் 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் பிறந்து 30 நாளுக்குள் முதல் பரிசோதனை செய்ய வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம். உங்கள் மகள் இரண்டு கணக்கிலும் வருகிறாள்.

சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரியச் செய்து, விழித்திரை மருத்துவர் சில நிமிடங்களில் பார்த்துவிடுவார். பிள்ளை அழும், கண் கொஞ்சம் சிவக்கும், பயப்பட வேண்டாம். பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பே பால் கொடுத்து முடித்துவிடுங்கள், இல்லையென்றால் அழுகையில் வாந்தி எடுப்பாள். கண்மை போட்டுக் கூட்டிப் போகாதீர்கள் (எப்போதுமே போட வேண்டாம், கடையில் விற்பதில் ஈயம் இருக்கலாம்). டிஸ்சார்ஜ் சீட்டும் பீய்ச்சிய பாலும் கையில் இருக்கட்டும், காத்திருக்க நேரிடும். சீட்டில் இடம் எழுதவில்லை என்றால் பிள்ளை இருந்த மருத்துவமனையிலோ, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவிலோ கேளுங்கள். ஒரே நாளில் இது முடியாது: ரத்தக்குழாய்கள் முழுமையாக வளரும்வரை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்வார்கள். முதல் முறை "ஒன்றுமில்லை" என்றதும் நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். சிகிச்சை வேண்டும் என்று சொன்னால் லேசரோ கண்ணுக்குள் ஊசியோ இரண்டு மூன்று நாளுக்குள் செய்தாக வேண்டும். கணவர் விமானம் ஏறும் நாளைப் பார்த்து அதைக் குறிக்க முடியாது.

அதே பயணத்தில் காது கேட்கும் பரிசோதனை ஆகிவிட்டதா என்றும் கேளுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாளுக்கு மேல் இருந்த பிள்ளைகளுக்குப் பெரா என்ற பரிசோதனை தேவை. தடுப்பூசி, பிறந்த தேதியை வைத்துத்தான்: 45-ஆம் நாள் ஊசியைக் குறைமாதம் என்று தள்ளாதீர்கள்.

அரைஞாண் கட்டைச் சுருக்கமாக வீட்டோடு நடத்தலாம். இருமலும் சளியும் உள்ளவர்கள் வராமல் இருந்தால் அதுவே பிள்ளைக்குப் பரிசு. வருகிறவர்கள் முழங்கைவரை சோப்பு போட்டுக் கழுவட்டும், முத்தம் கொடுக்க வேண்டாம். கயிறு இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வாக இருக்கட்டும்.

மூச்சு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இரவில் பார்த்துப் பயப்படுவீர்கள். குறைமாதப் பிள்ளை வேகமாகச் சில மூச்சு விட்டு, ஐந்து முதல் பத்து விநாடி நிறுத்தி, மறுபடி தொடங்கும். நிறம் மாறாமல் இருந்தால் அது இயல்பு. 20 விநாடி நின்றாலோ, உதடு நீலமானாலோ இயல்பல்ல. முதுகைத் தேய்த்துத் தூண்டியபடியே 108-ஐ அழையுங்கள். அமைதியாக இருக்கும்போது முழு ஒரு நிமிடம் எண்ணி மூச்சு 60-ஐ எட்டினால், மறுபடி எண்ணியும் அதுவே வந்தால், நெஞ்சு குழிந்தால், வலிப்பு வந்தால், பச்சையாக வாந்தி எடுத்தால், தொப்புளில் சீழ் வைத்தால், காய்ச்சலோ சில்லிட்ட உடம்போ இருந்தால், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளானால் அன்றைக்கே மருத்துவமனை. மலம் வெளிறிச் சுண்ணாம்புபோல் போனால் மஞ்சள் குறைவாகத் தெரிந்தாலும் காட்டுங்கள். பித்தநாள அடைப்பாக இருந்தால் 60 நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்வதில்தான் பலன் அதிகம். வழியில் பிள்ளையைத் துணிமூட்டையாகச் சுற்றாமல் உங்கள் மார்பில் ஒட்டியே கொண்டு போங்கள்.

உங்களுக்கும் ஒன்று. பேறுகாலத்தில் தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தாகம் எடுக்கும்போதெல்லாம் குடியுங்கள். மீனும் முட்டையும் கீரையும் சாப்பிடலாம். மார்பு கல்லாகிக் காய்ச்சல் வந்தாலோ, இரண்டு வாரமாகத் தூக்கமும் பிடிப்பும் இல்லாமல் அழுகையாகவே இருந்தாலோ, பிள்ளையைக் காட்டப் போகும் அன்றே உங்களையும் காட்டுங்கள்.