உப்பைக் குறைத்தும் அம்மாவின் பிரஷர் ஏன் இறங்கவில்லை?

கேள்வி: யாங்கூனில் நான்கு பேர் உள்ள குடும்பம் எங்களுடையது. அம்மாவுக்கு வயது 58, பிரஷர் 150/95. அம்லோடிபின் சாப்பிடுகிறார். குழம்பில் உப்பைப் பாதியாக்கியும் பெரிதாக இறங்கவில்லை. தினமும் பூண்டு, முருங்கைக்கீரை கொடுத்தால் மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். சாப்பிட்டும் 150/95 இருக்கிறது, நிறுத்தினால் இன்னும் ஏறும். பூண்டும் முருங்கைக்கீரையும் நல்ல உணவுதான், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அவை மருந்துக்கு ஈடாகாது.

குழம்பில் போடும் உப்பைக் குறைத்தீர்கள், சரி. ஙாப்பி என்ற புளித்த மீன் விழுது? மீன் சாஸ்? கருவாடு, அப்பளம், ஊறுகாய்? பர்மாவில் நம்மவர் சமையலில் இரண்டு ஊர் உப்பும் ஒரே தட்டில் விழுகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது. தலைதட்டிய ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான். மீன் சாஸ் ஒரு மேசைக்கரண்டி ஊற்றினாலே அதில் பாதிக்கு மேல் போய்விடும். அஜினமோட்டோவிலும் பிரஷரை ஏற்றும் சோடியம் உண்டு, உப்பில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இந்துப்புக்கு மாறிப் பயனில்லை, அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான்.

தினமும் கரண்டியால் அளந்துகொண்டிருக்க முடியாது. மாதக் கணக்காகப் பாருங்கள். நான்கு பேருக்கு மாதம் 600 கிராம் உப்புதான் உச்சவரம்பு, அதாவது பர்மிய எடையில் சுமார் 37 டிக்கல். ஙாப்பி, மீன் சாஸ், கருவாடு வழியாக வருவதும் இதில் அடக்கம். ஆகவே தூள் உப்பை 20 டிக்கலோடு நிறுத்தி, அடுத்த மாதம்தான் மறுபடி வாங்குங்கள். மீன் சாஸ் புட்டி எத்தனை நாளில் காலியாகிறது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். எங்கே கசிகிறது என்பது ஒரே மாதத்தில் தெரிந்துவிடும்.

ஙாப்பியை அடியோடு விட வேண்டியதில்லை. அது போட்ட குழம்பில் தனியாக உப்பு போடாதீர்கள். புளிச்சக்கீரை வதக்கினால் அதன் புளிப்பே நாக்கைத் திருப்திப்படுத்தும், ஙாப்பியைச் சுண்டைக்காய் அளவோடு நிறுத்தலாம். கடையில் மொய்ங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) சாப்பிடும்போது மேலே மீன் சாஸ் ஊற்றாமல் எலுமிச்சை பிழிந்து, கொத்தமல்லி, மிளகாய்த்தூள் தூவிக்கொள்ளச் சொல்லுங்கள். பாதிச் சாறு கிண்ணத்திலேயே இருக்கட்டும். உப்பு அதில்தான் இருக்கிறது. முதல் சில வாரம் அம்மாவுக்கு எல்லாமே சப்பென்று இருக்கும், பிறகு நாக்கு பழகிவிடும்.

குறைப்பது மட்டும் போதாது, சேர்க்கவும் வேண்டும். பிரஷருக்கான உணவுமுறை பற்றி 1997-ல் வெளியான டாஷ் (DASH) ஆய்வில் உப்பின் அளவை மாற்றவே இல்லை. காய், பழம், கொழுப்பு குறைந்த பால் பொருள்களைக் கூட்டி, கொழுப்பைக் குறைத்ததிலேயே, பிரஷர் உள்ளவர்களுக்கு மேல் எண் சராசரியாக 11 இறங்கியது. உங்களுக்கு இது கஷ்டமில்லை. காலையில் தெருவில் வரும் அவித்த பட்டாணி, பருப்பு, கீரை, வாழைப்பழம் எல்லாவற்றிலும் பிரஷரை இறக்க உதவும் பொட்டாசியம் உண்டு. பட்டாணியில் எண்ணெயும் உப்பும் தூவ வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, 'பிரில்', 'சார்டன்' என்று முடியும் பெயருள்ள மாத்திரை சாப்பிட்டாலோ, பொட்டாசியம் கலந்த மாற்று உப்பை டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள், ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். இருமலுக்கு அம்மா அதிமதுரம் சப்புகிறாரா என்றும் கேளுங்கள். அது பிரஷரை ஏற்றும், வீட்டு வைத்தியம் என்பதால் யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை. மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் சாப்பிட்டாலும் இதே கதைதான்.

நான்கு வாரம் இப்படிச் செய்துவிட்டு, காலையில் மாத்திரைக்கு முன் 5 நிமிடம் அமைதியாக உட்கார வைத்து இரண்டு முறை பாருங்கள். ஒரு வாரக் கணக்கை எழுதி டாக்டரிடம் காட்டுங்கள், மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். இடையில் 180/120-க்கு மேல் போய், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் எதுவும் தெரிந்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.