மீட்டர் காட்டிய 7.2 ஓம்: மோட்டாரைக் குறை சொல்லும் முன் கேபிளைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். போரில் உள்ள 5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார் இரண்டு கோடையில் இரண்டு முறை எரிந்து, காயில் கட்டி இறக்கினேன். இப்போது ஸ்டார்ட்டரில் மோட்டாரின் மூன்று வயர்களையும் கழற்றி, இரண்டிரண்டாக மல்டிமீட்டர் வைத்தால் மூன்று ஜோடியிலும் 7.2 ஓம் காட்டுகிறது. பிளஸ் டூ படிக்கும் என் மகள் 415 வோல்ட்டை 7.2-ஆல் வகுத்து 57 ஆம்பியருக்கு மேல் என்றும், அதை மறுபடி வோல்ட்டால் பெருக்கி 24 கிலோவாட், அதாவது 32 எச்.பி. என்றும் கணக்குக் காட்டுகிறாள். கடைக்காரர் காயில் ஷார்ட், 7.5 எச்.பி. வாங்குங்கள் என்கிறார். ஓடும்போது 390 வோல்ட், 9.5 ஆம்பியர்; மோட்டார்த் தகட்டில் 8.5 ஆம்பியர். ஆம்பியர் கூடினால் மோட்டாரை நிறுத்தும் ரிலே அடிக்கடி ட்ரிப் ஆனதால் மெக்கானிக் அதை 13-க்கு ஏற்றி வைத்திருக்கிறார். ஸ்டார்ட்டரிலிருந்து போர் 500 அடி, மோட்டார் 450 அடி ஆழத்தில், கேபிள் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. சொட்டுநீர் கடைசி வரிசை மரங்களுக்கு எட்டவில்லை. காயில் கெட்டுவிட்டதா?

பதில்: காயில் கெட்டதாகத் தெரியவில்லை. மூன்று ஜோடியும் ஒரே அளவைக் காட்டுவதே அதற்குச் சான்று. காயிலில் ஷார்ட் இருந்தால் ஜோடிகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகா. இரண்டு ஜோடிகள் மட்டும் ஒரே அளவுக்குக் கூடியிருந்தால், அவ்விரண்டுக்கும் பொதுவான வயரில் ஜாயின்ட் மோசம் என்று பொருள்.

உங்கள் மகள் வகுத்ததும் பெருக்கியதும் சரிதான். ஆனால் மல்டிமீட்டர் தன் சிறு பேட்டரியின் நேர்மின்சாரத்தைச் செலுத்திச் செம்புக்கம்பியின் மின்தடையை மட்டும் அளக்கிறது. மாறுமின்சாரத்தில் ஓடும் மோட்டாரிலோ காயிலின் காந்தப்புலமும் சுழலும் ரோட்டரும் எதிர்மின்னழுத்தத்தை உண்டாக்கிக் கரண்டைக் கட்டுப்படுத்துகின்றன. ஓடும்போது 390-ஐ 1.732-ஆல் வகுத்தால் ஒரு பேஸுக்கு 225 வோல்ட், அதை 9.5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 24 ஓம் வருகிறது, மீட்டரின்படியோ ஒரு பேஸுக்கு 3.6 ஓம்தான். ரோட்டர் சுழலத் தொடங்காத முதல் நொடியில் மோட்டார் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுப்பதும் அந்த எதிர்மின்னழுத்தம் அப்போது முழுதாக இல்லாததால்தான். ஓடும் மோட்டாரின் வாட் கணக்குக்கு வோல்ட், ஆம்பியர், மூன்று பேஸுக்கான 1.732, பவர் ஃபேக்டர் (வோல்ட்-ஆம்பியர் பெருக்கத்தில் உண்மையான வாட்டாகும் பங்கு) ஆகிய நான்கையும் பெருக்க வேண்டும். பவர் ஃபேக்டரை 0.8 என்று கொண்டால் உங்கள் மோட்டார் ஏறத்தாழ 5.1 கிலோவாட் இழுக்கிறது. 5 எச்.பி. வேலை செய்யும் நீர்மூழ்கி மோட்டாருக்கு இது இயல்பான அளவு.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அந்த 7.2 ஓமில் மோட்டாருடையது எவ்வளவு என்பது. 950 அடி என்றால் 290 மீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.0175 ஓம் என்பதால், 2.5 சதுர மில்லிமீட்டரில் ஒரு வயருக்கு 2 ஓம் வருகிறது. மீட்டர் இரண்டு வயர்களைச் சேர்த்து அளப்பதால் 4 ஓம் கேபிளுடையது, மீதி 3.2 மட்டுமே காயிலுடையது. அந்த 2 ஓமில் 9.5 ஆம்பியர் ஓடும்போது மூன்று வயர்களிலும் சேர்த்து 540 வாட் வெறும் சூடாகப் போகிறது, மோட்டாருக்கு 26 வோல்ட் குறைகிறது. 390-இல் தொடங்கிய மின்னழுத்தம் 364 ஆகத்தான் கீழே போய்ச் சேர்கிறது. மோட்டாரின் முறுக்குவிசை வோல்ட்டின் இருமடியைப் பொறுத்தது என்பதால், 415-இல் இருந்த முறுக்குவிசையில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். அதே சுமையை இழுக்க அது ஆம்பியரைக் கூட்டிக்கொள்கிறது. அதைக் கண்டு ரிலே ட்ரிப் ஆனது, அது செய்ய வேண்டிய வேலை. 13-க்கு ஏற்றி வைத்தவர் காவல்காரனின் கண்ணைக் கட்டிவிட்டார். உங்கள் இரண்டு காயில்களும் அதனால்தான் எரிந்தன என்பதே என் முடிவு.

மெல்லிய கேபிளோடு 7.5 எச்.பி. விற்கிறவரின் பேச்சை ஏற்காதீர்கள். அந்த மோட்டார் 14 ஆம்பியர் இழுத்தால் இதே கேபிளில் சூடு ஏறக்குறைய 1,180 வாட்டாகும். கேபிளின் அளவைக் கேட்காமல் எச்.பி.யைக் கூட்டச் சொல்பவர் தன் சரக்கை மட்டுமே பார்க்கிறார். மோட்டாருக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கையாவது செம்பின் பருமனுக்குக் கொடுங்கள் என்று ஒவ்வொரு தோப்பிலும் நான் சொல்லி வருகிறேன். 6 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டால் வயருக்கு 0.85 ஓமுக்குள் அடங்கும், சூடு 230 வாட்டுக்குள் வந்துவிடும். விலை கூடும், ஒரு முறை காயில் கட்டி, குழாயை மேலே தூக்கி இறக்கும் கூலியோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். அலுமினியம் மலிவு என்று வாங்காதீர்கள், அதே பருமனில் மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல். கேபிளில் எழுதியுள்ள அளவையும் அப்படியே நம்பாதீர்கள்: 100 மீட்டர் சுருளின் மூன்று வயர்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பாக்கி மீட்டர் வைத்தால், மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்த அளவைக் கழித்தபின், ஒரு ஓமைவிடக் கணிசமாகக் கூடுதலாகக் காட்டும் 6 சதுர மில்லிமீட்டர் கேபிள் உண்மையில் அந்த அளவில் இல்லை என்று சந்தேகிக்கலாம்.

போர் வாயில் உள்ள ஜாயின்ட்டை முறுக்கி டேப் சுற்றி விட்டிருந்தால் உடனே சரி செய்யுங்கள். அங்கே அரை ஓம் கூடினாலும் 45 வாட் ஒரே புள்ளியில் சூடாகும். அது ஒரு சாலிடரிங் அயர்னின் சூடு. மெயினை அணைத்து, ஃபியூஸைக் கழற்றி, 500 வோல்ட் மெக்கரால் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வயருக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் மோட்டாரை மேலே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம்.

கேபிள் மாற்றும் வரை ரிலேயை 8.5-க்கு இறக்கி வையுங்கள். அது ட்ரிப் ஆனால், வோல்ட் கூடும் நேரத்தில் மட்டும் ஓட்டுங்கள். கடைசி வரிசைக்குத் தண்ணீர் எட்டாததற்கு வோல்ட் குறைவு சிறு காரணம்தான். ஃபில்டரைக் கழுவிய பின்பும் எட்டாவிட்டால், மோட்டார் நிற்கும்போதும் ஒரு மணி நேரம் ஓடிய பின்பும் போரின் நீர்மட்டத்தை அளந்து, ஆம்பியரோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள்.