தஸ்தர்கான் விரித்த வீட்டில்

கேள்வி: என் கணவருடன் பணியாற்றும் காபூல்காரர் ஒருவர் எங்களைக் குடும்பத்தோடு இரவு விருந்துக்கு அழைத்திருக்கிறார். நாங்கள் சைவ உணவுக்காரர்கள். அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
– வாசகி, புது தில்லி

பதில்: அவசியம் செல்லுங்கள். ஆனால் சைவம் என்பதை இன்றே உங்கள் கணவர் மூலம் சொல்லி அனுப்பிவிடுங்கள். காலையிலிருந்து அடுப்படியில் நின்று சமைத்த பெண்மணியின் முன் உட்கார்ந்துகொண்டு, "இது வேண்டாம், அது ஆகாது" என்று தள்ளுவதுதான் அவர்களை வருத்தும். முன்கூட்டியே சொன்னால், தயிர் ஊற்றிய கத்தரிக்காய் போரானியும், உருளைக்கிழங்கோ கந்தனா என்னும் கீரையோ வைத்துச் சுட்ட போலானியும் தாராளமாகக் கிடைக்கும். காபூலிப் புலாவில் மட்டும் கவனம் தேவை. மேலே தூவிய கேரட்டையும் உலர்திராட்சையையும் பார்த்துச் சைவம் என்று எண்ணிவிடக் கூடாது. கறித்துண்டுகளை ஒதுக்கினாலும், அந்த அரிசி இறைச்சி வெந்த சாற்றில்தான் வெந்திருக்கும்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், சுவரோரமாகத் தோஷக் என்னும் மெத்தைகள் போட்டிருக்கும். கதவுக்கு எட்டத்தில் உள்ள இடமே விருந்தினருக்கு உரிய மேலிடம். அடக்கத்தின் காரணமாக நீங்கள் கதவருகில் அமர்ந்தால், உங்களை எழுப்பி அங்கே உட்கார வைக்கும் வரை வீட்டார் விடமாட்டார்கள். கால்களை மடக்கி அமருங்கள். உள்ளங்காலைப் பிறர் பக்கம் நீட்டுவது அவமதிப்பாகும். ஆண்களும் பெண்களும் கைகுலுக்கும் வழக்கம் வீட்டுக்கு வீடு மாறும் என்பதால், உங்கள் கணவர் வலக்கையை நெஞ்சில் வைத்துச் சற்றே தலைசாய்த்தால் போதும், அதுவே அங்கு முழுமையான வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் லாஜ்பத் நகரில் ஓர் ஆப்கானியக் குடும்பத்தில் நான் உணவருந்தியபோது, அந்த வீட்டின் கடைக்குட்டிப் பையன் நீண்ட மூக்குள்ள செம்பையும் தாம்பாளத்தையும் ஏந்தி ஒவ்வொருவர் முன்பும் குனிந்து கைகழுவத் தண்ணீர் ஊற்றினான். பிறகு தரையில் தஸ்தர்கான் என்னும் விரிப்பை விரித்து, அதன் நீளத்துக்கும் ரொட்டிகளை வைத்தார்கள். ஒரு துண்டு ரொட்டி கம்பளத்தில் விழுந்தது. பாட்டி அதை எடுத்து முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றிக்கொண்டு, யார் காலும் படாத மாடத்தில் வைத்தார். ஒருவரும் பேசவில்லை, அந்தப் பையன் மட்டும் தலைகுனிந்தான், அவன் கைபட்டுத்தான் அது விழுந்திருக்க வேண்டும்.

தட்டு காலியாகக் காலியாக நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். ஒருமுறை "போதும்" என்பதைச் சம்பிரதாயமாக மட்டுமே எடுத்துக்கொள்வார்கள் என்பதால், உண்மையிலேயே வயிறு நிறைந்துவிட்டால் கொஞ்சம் தட்டில் விட்டுவைப்பதே வழி. உணவுக்குப் பின் ஏலக்காய் இட்ட பச்சைத் தேநீரும், நொக்ல் எனப்படும் சர்க்கரை பூசிய பாதாமும் வரும். தேநீரும் அப்படித்தான், கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தால் நிறுத்துவார்கள். இன்னொன்று: வீட்டிலுள்ள பொருள் எதையும் வாயாரப் புகழ்ந்து நிற்காதீர்கள். உடனே எடுத்துக் கையில் கொடுத்துவிடக் கூடியவர்கள் அவர்கள்.

கேள்வி: என் வகுப்புத் தோழரான ஆப்கானிய மாணவரிடம் அவர் தாயாரின் பெயரைச் சாதாரணமாகக் கேட்டேன். முகம் மாறிவிட்டது. தவறு செய்தேனா?
– வாசகர், புனே

பதில்: தெரியாமல் கேட்டதில் தவறில்லை. "உங்கள் குடும்பத்தார் நலமா?" என்று பொதுவாகக் கேட்பதே அங்குள்ள முறை. வீட்டுப் பெண்களின் பெயரை வெளியாள் முன் சொல்வது குடும்ப மானத்துக்கு இழுக்கு என்று கருதும் வழக்கம் அங்கே ஆழமாக வேரூன்றியது. மனைவியைக் குழந்தைகளின் தாய் என்றே குறிப்பிடுவார்கள். பல திருமண அழைப்பிதழ்களில் மணமகளின் பெயர் இருக்காது, கல்லறைக் கல்லில்கூட இராமல் போவதுண்டு. உங்கள் நண்பரின் கூச்சத்தை நீங்கள் மதிக்க வேண்டும். ஆயினும் இந்த வழக்கத்தைச் சரியென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆப்கானியப் பெண்களே இதை ஏற்கவில்லை. 2017-இல் ஹெராத்தைச் சேர்ந்த இளம்பெண்கள் 'என் பெயர் எங்கே?' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதன் பயனாக, தஸ்கிரா என்னும் அடையாள அட்டையில் தாயின் பெயரும் இடம்பெற வழிசெய்யும் சட்டத்திருத்தத்தில் 2020 செப்டம்பரில் அதிபர் அஷ்ரப் கனி கையெழுத்திட்டார்.

கேள்வி: பெண்களைப் படிக்க விடாமல் தடுப்பது ஆப்கானியரின் பண்பாடு, அதில் பிறர் தலையிடக் கூடாது என்கிறாரே என் நண்பர்?
– வாசகர், சேலம்

பதில்: உங்கள் நண்பர் அரசாணையைப் பண்பாடு என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். அமானுல்லா மன்னரின் மனைவியான அரசி சொராயா காபூலில் பெண்களுக்கான மஸ்தூராத் பள்ளியைத் திறந்தது 1921-இல். ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அந்த மண்ணில் முளைத்த ஆசை அது. 2021 ஆகஸ்டில் தாலிபான் மீண்டும் ஆட்சிக்கு வந்தபின் ஆறாம் வகுப்புக்கு மேல் சிறுமியருக்குப் பள்ளி மூடப்பட்டது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகமும் மூடப்பட்டது. மூடச் சொன்னது ஆட்சியேயன்றி, மகளைப் பள்ளி வாசல் வரை கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்த தகப்பன் அல்லன். கட்டுப்பாடு மிகுந்த ஊர்ப்புறங்கள் முன்பும் இருந்தன என்பது மெய்யே. அதை வைத்து முழு நாட்டையும் அளப்பது அந்தப் பெண்களுக்கு இழைக்கும் இரண்டாவது அநீதி.

1996 முதல் 2001 வரையிலான முதல் தாலிபான் ஆட்சியில் ஹெராத் நகரில் 'தங்க ஊசி' என்ற பெயரில் ஒரு தையல் வகுப்பு நடந்தது. பெண்கள் துணியும் நூலும் நிறைந்த பைகளோடு வந்தார்கள். துணிக்கு அடியில் நோட்டும் பேனாவும் இருந்தன. உள்ளே பல்கலைக்கழகப் பேராசிரியர் இலக்கியம் நடத்திக்கொண்டிருக்க, காவலர் வந்தால் எச்சரிப்பதற்காகக் குழந்தைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள்.