ரீமேப் செய்த டர்போ காருக்கு எந்த ஹெட் கேஸ்கெட் வாங்குவது?

ஈரோட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். டர்போ பெட்ரோல் கார், ரீமேப் செய்தது, அதாவது பவர் கூட இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றியது. பண்ணாரி தாண்டி திம்பம் ஏறும்போது சூடேறி ஹெட் கேஸ்கெட், அதாவது சிலிண்டர்கள் உள்ள பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவே உட்காரும் தகடு, போய்விட்டது. கடைக்காரர் காப்பர் போடச் சொல்கிறார். நண்பர், தடிமனாகப் போட்டால் கம்ப்ரெஷன் (கலவை அமுக்கப்படும் விகிதம்) குறையும், டர்போவுக்கு நல்லது என்கிறார். மெக்கானிக் எது வாங்கி வந்தாலும் மாட்டித் தருகிறேன் என்கிறார்.

என் பதில்: கார் வரும்போது இருந்த அதே தடிமனில் பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட், அதாவது எம்.எல்.எஸ்., வாங்குங்கள். கூடவே புது ஹெட் போல்ட் செட். காப்பரும் வேண்டாம், தடிமனும் வேண்டாம். கோவையில் ஹெட் ஃபேசிங், போரிங் செய்யும் பட்டறையில் வேலை செய்கிறேன். கேஸ்கெட் போய் வருகிற ஹெட்டுகள்தான் தினமும் கையில் புரள்கின்றன, அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

80 மி.மீ. போர் (உள்விட்டம்) உள்ள ஒரு சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். எரியும்போது அழுத்தம் 100 பார் தொட்டால், அந்த ஒரு சிலிண்டர் மட்டும் ஹெட்டை ஏறக்குறைய 5 டன் விசையில் மேலே தள்ளுகிறது. ஹெட்டைப் பிடித்து வைப்பது போல்ட்டுகள். ஆனாலும் ஒவ்வொரு எரிப்பிலும் ஹெட் மயிரிழை எழும்பி உட்காரும். அந்த அசைவுக்கு ஈடுகொடுத்து இடைவெளி விடாமல் நிற்பதுதான் கேஸ்கெட்டின் வேலை. ரீமேப்பில் பூஸ்ட், அதாவது டர்போ உள்ளே தள்ளும் காற்றழுத்தம், ஏறினால் அசைவும் ஏறும்.

எம்.எல்.எஸ். ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மெல்லிய ஸ்டீல் தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்திருப்பார்கள். ஒவ்வொரு சிலிண்டர் வட்டத்தைச் சுற்றியும் விரலுக்குத் தட்டுப்படுகிற ஒரு புடைப்பு ஓடும். அந்தத் தகடு ஸ்பிரிங் ஸ்டீல். ஹெட் எழும்பினால் புடைப்பும் கூடவே எழும்பும், இறங்கினால் அமுங்கும். பழைய கிராஃபைட் கேஸ்கெட்டுக்கு இந்தக் குணம் கிடையாது, படுத்துப் படுத்து அமுங்கிப்போன பஞ்சு மெத்தை மாதிரி ஒருமுறை நசுங்கினால் அப்படியே நின்றுவிடும். டர்போ இல்லாத பழைய வண்டிக்கு அது போதும், உங்களுக்குப் போதாது.

காப்பர் பலமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் ஸ்பிரிங் குணம் இல்லை. அதிக பூஸ்டில் அது நிற்க வேண்டுமென்றால் சிலிண்டரைச் சுற்றிக் காடி வெட்டி ஸ்டெயின்லெஸ் கம்பி வளையம் பதிக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் கூலண்ட் துளைகளில் கசிவு வரும், அதற்குத் தனியாக சீலண்ட் பார்க்க வேண்டும். ரேஸ் முடிந்ததும் இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பவர்களுக்கு அது சரி. தினமும் ஆபீஸ் போய்வரும் காருக்கு வீண் தொந்தரவு.

அப்புறம் தடிமன் விஷயம். கணக்கையே போட்டுப் பார்த்துவிடலாம். 450 சிசி சிலிண்டர், 80 மி.மீ. போர், கம்ப்ரெஷன் 10 என்றால் மேலே மிஞ்சும் இடம் 50 சிசி. கேஸ்கெட்டை அரை மி.மீ. தடிமனாக்கினால் கூடுவது இரண்டரை சிசி. கம்ப்ரெஷன் 10லிருந்து 9.6க்கு வரும், அவ்வளவுதான். அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கும் ஹெட்டின் தட்டையான விளிம்புக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு மி.மீ. அளவுதான் இடைவெளி வைத்திருப்பார்கள். கலவையை விளிம்பிலிருந்து நடுவுக்குப் பிதுக்கித் தள்ளுவது அந்தக் குறுகல்தான். அதை ஒன்றரை ஆக்கினால் விளிம்பில் கலவை தங்கும், நாக்கிங், அதாவது கலவை தானாக வெடித்துத் தட்டுவது, வர வாய்ப்பு கூடும். கேஸ்கெட்டைக் கொல்வதில் நாக்கிங்கை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஹெட்டை அதிகம் இழைத்துவிட்டார்கள் என்றால் மட்டும், இழைத்த அளவை ஈடுகட்டத் தடிமன் கூடிய ரிப்பேர் சைஸ் தேடலாம்.

டீசல் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கண்ணால் பார்த்துத் தடிமனை முடிவு செய்துவிட வேண்டாம். அங்கே பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு எழுகிறது என்று டயல் கேஜ் வைத்து அளந்துதான் எடுக்க வேண்டும். உதாரணத்துக்கு ஃபோக்ஸ்வாகனின் 1.9 டிடிஐயில் 0.91 முதல் 1.00 மி.மீ. வரை எழுந்தால் ஒரு துளை போட்ட கேஸ்கெட், 1.10 வரை இரண்டு துளை, 1.20 வரை மூன்று துளை. அந்தத் துளைகள் தடிமனைக் காட்டும் அடையாளம்.

இனி முக்கியமான விஷயம். எம்.எல்.எஸ். வாங்கிப் போட்டும் சீக்கிரமே திரும்பி வருகிற வண்டிகளில் நான் பார்ப்பது பெரும்பாலும் முகம், அதாவது கேஸ்கெட் உட்காரும் பரப்பு, சரியில்லாத வேலை. ஸ்டீல் தகடு, கோடு கோடான பரப்பில் உட்காராது. ஹெட், பிளாக் இரண்டின் சொரசொரப்பும் 1.25 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும், 0.75 இருந்தால் இன்னும் நிம்மதி. பட்டறையில் கட்டரை மெதுவாக ஓட்டிக் கடைசி வெட்டை மெலிதாக எடுத்தால் இது வரும். அவசரப்படுத்தினால் வராது. வேலை முடிந்த ஹெட்டை வாங்கும்போது நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள், கோடு தட்டினால் திருப்பிக் கொடுங்கள். ஸ்ட்ரெயிட் எட்ஜை (வளைவில்லாத நேர்ப்பட்டையை) நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் தொகுப்பில்) 0.05 மி.மீ. இலை எங்கேயும் நுழைகிறதா என்று உங்கள் கண் முன்னாலேயே பார்க்கச் சொல்லுங்கள். சூடேறிய ஹெட் என்பதால் பிரஷர் டெஸ்டும் கட்டாயம், வால்வுகளுக்கு நடுவே விரிசல் இருந்தால் எந்த கேஸ்கெட்டும் காப்பாற்றாது.

பிளாக்கின் முகத்தை மறந்துவிடுகிறார்கள். எமரி பேப்பரைக் கையில் சுற்றித் தேய்ப்பார்கள், சிலிண்டர்களுக்கு நடுவே குழி விழும். "லேசா ஒரு தேய் தேச்சு விட்டுட்டனுங்க" என்று யாராவது சொன்னால் அங்கேயே ஸ்ட்ரெயிட் எட்ஜை வைத்துவிடுங்கள். எம்.எல்.எஸ்.ஸுக்கு மேல் சிலிகான் பேஸ்ட் பூசவும் விடாதீர்கள், அதற்கான ரப்பர் பூச்சு ஏற்கெனவே தகட்டில் இருக்கிறது.

போல்ட் புதிதாக வேண்டும் என்றேன். இப்போதைய இன்ஜின்களில் பெரும்பாலும் முறுக்கும்போதே இழுபட்டு நீளுகிற வகை, ஒருமுறை நீண்டதை மறுபடி நம்ப முடியாது. போல்ட் துளைக்குள் ஆயிலோ கூலண்டோ தேங்கியிருந்தால் ஏர் அடித்து வெளியேற்றுங்கள். இல்லையென்றால் முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் தப்புக் கணக்குக் காட்டும், பிளாக் வெடிக்கக்கூட வாய்ப்புண்டு.

பழைய கேஸ்கெட்டை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டு சிலிண்டருக்கு நடுவே கரி ஓடியிருந்தால் அது பூஸ்ட் அல்லது நாக்கிங் வேலை. ரீமேப் செய்தவரிடம் போய் பூஸ்டையும் இக்னிஷன் டைமிங்கையும் குறைக்கச் சொன்ன பிறகு மாட்டுங்கள். கூலண்ட் துளையைச் சுற்றித் துருவும் வெள்ளைப் பொருக்கும் இருந்தால் ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். நம் பக்கத்து ஆயிரம் அடி போர் தண்ணி அலுமினியத்தை அரித்துக் குழி பறித்துவிடும். அந்தக் குழி கேஸ்கெட்டின் புடைப்பு உட்காரும் இடம் வரை வந்திருந்தால் முதலில் வெல்டிங் வைத்து முகம் எடுக்க வேண்டும். மாட்டும்போது டிஸ்டில்ட் வாட்டரில் பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்து ஊற்றி, காற்றுக் குமிழி முழுக்க வெளியேறும் வரை விட்டு, அதற்குப் பிறகு ஓட்டுங்கள்.