எதிராளி அடிக்கடி கழிவறைக்குப் போகிறார். கிளப் செஸ் போட்டியில் போன் பார்க்கிறாரோ என்று சந்தேகம் வந்தால் என்ன செய்வது?

எதிராளியிடம் நேரடியாகக் கேட்காதீர்கள். தொந்தரவு செய்ததாகத் தண்டனை உங்கள் மேல் திரும்பலாம். அவர் எழுந்து போகும்போதெல்லாம் எத்தனையாவது நகர்வு, கடிகாரத்தில் எவ்வளவு நேரம் என்று நகர்வுகளை எழுதும் தாளான ஸ்கோர் ஷீட்டில் குறியுங்கள். கடிகார நேரம் எழுத விதியே இடம் தருகிறது. சிக்கலான நிலைகளில் மட்டும் போய்வந்து உடனே ஆடுகிறார் என்றால், அந்தக் குறிப்புதான் நடுவருக்குப் பிடிமானம். கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழையுங்கள். தன் முறை நடக்கும்போது அனுமதியின்றி ஆடுமிடத்தை விட்டுப் போவதே தவறு.

சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி 11.3-இன்படி, போட்டி விதிகள் தண்டனையைக் குறைத்திருந்தாலொழிய, உடலில் போன் இருந்தாலே தோல்விதான். பயன்படுத்தியதை நிரூபிக்கத் தேவையில்லை. நடுவர் பையையும் உடையையும் சோதிக்கலாம். 2019-இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் கிராண்ட்மாஸ்டர் இகோர்ஸ் ரவ்சிஸ் சிக்கியதும் கழிவறையில் போன் பார்த்ததால்தான். நல்ல நகர்வுகள் மட்டும் ஆதாரமாகாது. குறுகிய ஆட்டத்தில் சாதாரண ஆட்டக்காரரும் பிழையின்றி ஆடிவிடலாம்.