பீலியும் சுருக்குக் கம்பியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பையன்கள் பத்துப் பேர் சேர்ந்து, நாங்கள் ஊற்றுத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே இருக்கும் மொட்டை மலையில் மரம் நடப் போகிறோம். டர்பன்டைன் (யூகலிப்டஸ்) கன்று சும்மா கிடைக்கிறது. நடலாமா?
(வாசகர், பொகவந்தலாவை)

பதில்: ஊற்றுக்கண் பக்கம் வேண்டாம் தம்பி. டர்பன்டைனைத் திட்ட வரவில்லை, அதை எரித்துத்தான் நம் வீடுகளில் எத்தனையோ வருடம் சோறு வெந்தது. ஆனால் வேகமாக வளரும் மரம், அந்த வேகத்துக்குத் தண்ணீரும் இழுக்கும். மாசி, பங்குனியில் பீலித் தண்ணீர் நூலாக இறங்க, குடம் நிறையும்வரை அம்மாமார் இடுப்பில் கை வைத்து நிற்கிறார்களே, அந்த நேரத்தில் தெரியும் அதன் கணக்கு.

என்னைக் கேட்டால் இரண்டு வருடம் எதையும் நடாமலே பாருங்கள். ஊற்றைச் சுற்றி மாடு நுழையாமல் ஒரு வேலி, மானாப்புல்லுக்கு யாரும் தீ வைக்காமல் ஒரு காவல், அவ்வளவுதான். மானா எரிந்தாலும் வேர் சாகாது, ஒரு மழைக்கே துளிர்த்துவிடும். கருகிப்போவது அதற்குள் தானாக முளைத்துக் கிடக்கும் காட்டுக் கன்றுகள். தீ வைப்பது எப்போதும் வெளியாள் இல்லை, மாட்டுக்கு இளம்புல் வேண்டுமென்று நம்மவரே வைப்பதும் உண்டு, அதனால் முதல் கூட்டத்துக்கு மாடு வைத்திருப்பவர்களைக் கூப்பிடுங்கள். அப்புறம் தோட்டத்தை நடத்தும் துரையிடம் வாயால் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். கடிதம் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். காணி நம் பெயரில் இல்லை, நாளைக்கு வேறு துரை வந்து "யாரைக் கேட்டு வேலி போட்டாய்" என்பார்.

கேள்வி: பன்றிக்குச் சுருக்கு வைக்காதே என்றால், "என் கிழங்குக்கு நீயா காவல்?" என்கிறார்கள். என்ன சொல்வது?
(வாசகி, மஸ்கெலியா)

பதில்: அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, ஒரே இரவில் பாத்தி முழுக்க உழுதுவிட்டுப் போகிற மிருகம் அது. ஆனால் கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாதே. உங்கள் பக்கத்து லக்ஷபான தோட்டத்தில் 2020 மே மாதம் கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் மாட்டியது நினைவிருக்கும். உயிரோடுதான் மீட்டார்கள், சில நாளில் செத்துப்போனது. இழுக்க இழுக்க இறுகுகிற கம்பி, வெளியே காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே எல்லாம் நசுங்கியிருக்கும். பன்றிக்குட்டியையும் முள்ளம்பன்றியையும் தின்பது அதே சிறுத்தைதான், சம்பளம் கேட்காத காவல்காரன், அதை அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். மாட்டிய மிருகத்தைக் கண்டால் பக்கத்தில் போகவேண்டாம், கூட்டம் கூட்டிப் படம் பிடிக்கவும் வேண்டாம். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்தில் சொல்லுங்கள்.

கேள்வி: மலைநாட்டுக் காடு உலக மரபுரிமை ஆகிவிட்டதாமே, இனி பயமில்லைதானே?
(வாசகர், ஹட்டன்)

பதில்: 2010இல் யுனெஸ்கோ சேர்த்தது சிவனொளிபாதமலைக் காடு, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மூன்றையும். உங்கள் தோட்டத்துக்கு நடுவே ஓடைக்கரையில் மிஞ்சியிருக்கும் துண்டுக் காடு அதில் இல்லை. அதற்கு நீங்கள்தான்.